பாலக்கரைத் தொட்டியில் கடல் சாமந்தி

கடல் நீர் வற்றி இறங்கியிருந்த ஒரு விடியற்காலையில், சிங்கப்பூரின் வடகரையில், கணுக்கால் தண்ணீரில் குந்தியபடி ஒரு பாறைக்குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கடல் சாமந்தி. பெயரைக் கேட்டுப் பூ என்று நினைத்துவிடக் கூடாது, இது விலங்கு. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பாதம், அதன்மேல் குட்டையான தண்டு, உச்சியில் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் இழைகள். உடம்பே அவ்வளவுதான். படிப்பு முடிந்து வேலை தொடங்காத இந்த இடைவெளியில் நானும் நண்பர்கள் சிலரும் இப்படிக் கரையோரம் போய், என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வருவோம். தொடுவதில்லை, எடுப்பதில்லை, மிதிப்பதில்லை.

அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது. திருச்சியிலிருந்து கோமதி அக்கா, என் பெரியப்பா மகள். பாலக்கரையில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறாள். ஒரு வீடியோ, கூடவே குரல்.

"யாழி, நீதான் எந்நேரமும் கடல்ல நிக்கிறவளாச்சே, இது என்னடி? கடல் தண்ணித் தொட்டியில மொளைச்சிருக்கு. எடுக்க எடுக்க வருது. ஆவணி பொறந்ததும் டாக்டரம்மா தொட்டியைக் கேட்பாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

வீடியோவில் ஒரு கண்ணாடித் தொட்டி. பாறைகளின் மேல் பழுப்பு நிறத்தில், ஊடுருவித் தெரியும் உடம்போடு ஒரு கூட்டம். திரையைப் பார்த்தேன், காலடிக் குழியைப் பார்த்தேன். அதே இனமா, நெருங்கிய சொந்தமா என்று படத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முகச்சாயல் ஒன்று. நாங்கள் குழி குழியாகத் தேடி அலைகிற பிராணி, கடற்கரையே இல்லாத திருச்சியில் கும்பலாகக் குடியிருக்கிறது! போய்ப் பார்த்துவிடுவது என்று தண்ணீரில் நின்றபடியே முடிவு செய்தேன்.

திருச்சியில் இறங்கிய அன்று ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் துப்பட்டா ஒரு பக்கம் போனது, பெட்டி வைத்திருந்த தள்ளுவண்டி இன்னொரு பக்கம் போனது. காவிரிப் பாலத்தில் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கி, "பாருங்க, ரெண்டு கரையும் முட்டிப் போகுது. மேட்டூர் தொறந்தாச்சு," என்றார், தானே போய்த் திறந்துவிட்டு வந்தவர் மாதிரி. எங்கள் ஊரில் ஆற்றைப் பார்த்து இவ்வளவு பெருமைப்படும் டாக்ஸிக்காரரை நான் கண்டதில்லை. சாலை காலியாக இருந்தால்தான் அவர்கள் பெருமைப்படுவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் இருப்பது அக்காவின் புகுந்த வீடு. மாமா குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் அக்காவும் அவள் மாமியாரும் மட்டும். மாமியாரை அவள் அத்தை என்கிறாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அத்தை இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"சிங்கப்பூர்ல இட்லி கெடைக்குமா?"

"கிடைக்கும் அத்தை. சாம்பார் மட்டும் கொஞ்சம் இனிக்கும்."

"ஐயோ பாவம்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. உடனே அக்கா பக்கம் திரும்பினார். "எனக்கு முட்டி வலின்னு எத்தனை நாளாச் சொல்றேன், தெருமுனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போக ஆளில்லை. மீனுக்கு வைத்தியம் பார்க்க ஃபிளைட்டு ஏறி ஆள் வருது பாரு."

அந்த வைத்தியத்துக்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லைக்கு வைக்கும் ஒரு வெள்ளைப் பொடியை வாங்கிப் பெட்டியின் மூலையில் செருகியிருந்தேன். பெட்டியைத் திறந்தால் அந்த மூலையில் தைலப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன! அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பேரும் இல்லாம ஊரும் இல்லாம ஒரு வெள்ளைப் பொடி. அதோட ஏர்போர்ட்ல போய் நிப்பியா நீ? எடுத்து வெளிய வச்சிட்டேன். கோமதி மாமியாருக்குத் தைலம் வச்சிருக்கேன் பாரு, குடுத்துடு."

அத்தை அதற்குள் ஒரு பாட்டிலைத் திறந்து முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாவுக்குத்தான்டி அறிவு," என்றார்.

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போனோம். கடைக்குப் பக்கத்துச் சந்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று வாங்கினோம். கேழ்வரகுக் கூழ், மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். எங்கள் ஊர் உணவு அங்காடிகளில் மேசை பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டுவிட்டு வரிசைக்கு ஓடும் எனக்கு, மேசையே இல்லாமல் சாப்பிடுவது பெரிய விடுதலையாக இருந்தது. அக்கா இரண்டாம் முறை வரிசையில் நின்றதை நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

கடை சின்னது. இரண்டு பக்கமும் நன்னீர் மீன்கள்: தங்க மீன், ஏஞ்சல், ஆளுக்கொரு பாட்டிலில் முறைத்துக்கொண்டிருக்கும் சண்டை மீன்கள். கடைசியில், ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி அதன் பின்னால் கடல் தொட்டி. சென்னையில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது தொட்டி, செயற்கைப் பாறை, விளக்கு என்று முழுசாக வாங்கிக்கொண்டு வந்தாளாம். அந்தப் பாறைகளோடு ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"மொதல்ல எனக்கு ஒரே சந்தோஷம்டி. கோமாளி மீனும் கடல் சாமந்தியும் சிநேகம்னுதானே எல்லாரும் சொல்றாங்க? தானா வந்திருக்கு, அதிர்ஷ்டம்னு நெனச்சேன்."

"அந்தச் சாமந்தி வேற அக்கா, பெரிசு. இது குட்டி ரகம். இது யாருக்கும் சிநேகம் இல்லை, கிட்ட வந்தா கொட்டும்."

ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள் தொட்டியின் மேல் மூலையில், வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. பெரியதன் வாலோரம் வெளுத்திருந்தது. தீனி போட்டாள். வரவில்லை. கீழே பாறை முழுக்க இழைகள் விரிந்து, விழுந்த தீனியை ஒவ்வொன்றாக இழுத்து விழுங்கின.

எனக்கோ கண்ணாடியில் அழுத்திய மூக்கை எடுக்க மனமில்லை. ஒன்று தலையசைக்கிறது, ஒன்று சுருங்கிக் கடுகாகிறது, ஒன்று பக்கத்து ஆளைத் தள்ளி இடம் பிடிக்கிறது.

"என்னடி, பொறந்த கொழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறே? கொல்றதுக்கு வழி சொல்லுடி!"

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். தில்லைநகரில் புதிதாகப் பல் மருத்துவமனை திறக்கும் டாக்டர் ஒருவர், காத்திருப்பவர்கள் பயத்தை மறக்க ஒரு கடல் தொட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா கடையிலிருந்து போகும் முதல் கடல் தொட்டி. அது நன்றாக அமைந்தால் மற்ற டாக்டர்களும் கேட்பார்கள், மாதாமாதம் பராமரிப்பு வேலை வரும். அமையாவிட்டால் கடையே இல்லை. இடம் அத்தை பெயரில் இருக்கிறது. செல்போன் கவர் விற்கும் ஒருவர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆவணி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று அத்தை சொல்லிவிட்டாராம்.

"தங்க மீன் வித்து எத்தனை நாள்டி ஓட்டுறது? இது போச்சுன்னா நான் வீட்டுல உட்கார்ந்து அவங்களோட சீரியல் பார்க்க வேண்டியதுதான்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கையிலிருந்த தீனி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மறுநாள் ஆடி வெள்ளி. கடையின் பின்பக்கத் துவைகல்லில் அக்கா சாமி விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையோடு கடல் தொட்டியிலிருந்து பாறைகளை எடுத்து, தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் அமுக்கி, புதுத் தேங்காய் நாரை எடுத்து விளக்கைத் தேய்த்த அதே வேகத்தில் பரபரவென்று தேய்த்தாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"பார்த்தா தெரியலை? வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் சுத்தமா இருக்க வேண்டாமா? வாரா வாரம் தேய்க்கிறேன். குழாய்த் தண்ணி படக் கூடாதுன்னு இந்தத் தண்ணியிலயே தேய்க்கிறேன். அதெல்லாம் எனக்குத் தெரியும்."

தேய்த்து முடித்ததும் கலங்கிய தண்ணீரை ஒரு வேட்டித் துணியில் வடிகட்டி, திரும்பவும் தொட்டியிலேயே ஊற்றப் போனாள். உப்புப் போட்டு, கலக்கி, அளவு பார்த்து ஆக்கிய தண்ணீர், வீணாக்க மனசு வராதாம். நான் பாய்ந்து வாளியைப் பிடித்தேன். பாதி என் சல்வாரில் கொட்டியது.

இந்தப் பிராணியைக் கிள்ளினால் சாகாது. பாதத்தில் கிழிந்த ஒரு துணுக்கு பாறையில் ஒட்டினால் போதும், அதுவே வாய் வைத்து, இழை வைத்து, இன்னொன்றாகிவிடும். நார் போட்டுத் தேய்த்தால் எத்தனை துணுக்கு! துணியில் புகுந்து வந்ததெல்லாம் தொட்டி முழுக்கப் பரவியிருக்கிறது. தொட்டியின் பின்புறம், கை எட்டாத ஒரு பாறையைக் காட்டினேன். அதை அவள் ஒருநாளும் தேய்த்ததில்லை. அதில் சாமந்தி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. வாரா வாரம் பளபளவென்று தேய்த்த முன்பாறையில் விரல் வைக்க இடமில்லை.

அக்கா நாரைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள்.

"அப்போ நான்தான் நாத்து நட்டிருக்கேனா?"

"ஆமா. வாரா வாரம்."

"இதை மட்டும் அத்தைகிட்டச் சொன்னே, உன்னை இந்தத் தொட்டியிலயே போட்டு மூடிடுவேன்."

தேய்ப்பதை நிறுத்தினால் பெருகுவது குறையும். ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்வது? பொடி சிங்கப்பூரில், எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் இருக்கிறது. யோசித்துக்கொண்டே மறுநாள் மதியம் தனியாக வீட்டுக்குக் கிளம்பி, சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிடக் கூட்டம் ஏற்றிவிட்டது என்பது சரி. மஞ்சள் சேலைகள், வேப்பிலை, பால் குடம். எங்கள் ஊர் ரயிலில் எவ்வளவு நெரிசலானாலும் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே நான் உட்காருவதற்குள் என் பெயர், அப்பா பெயர், கல்யாணம் ஆகாதது எல்லாம் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. திருவானைக்கோவிலில் இடது பக்கம் திரும்பும் என்று காத்திருந்தேன். பஸ் நேராகப் போனது. கொள்ளிடம் வந்தது.

"அண்ணே, ஸ்ரீரங்கம்?"

"ஆடி வெள்ளியில மஞ்சளும் வேப்பிலையுமா ஒரு பஸ் போகுது, அது எங்க போகும்னு தெரியாதா?" என்றார் கண்டக்டர். "சமயபுரம்மா! ஆத்தா கூப்பிட்டுட்டா, இனிமே எறங்க முடியாது. போய்க் கும்பிட்டுட்டு வா."

பஸ் சிரித்தது. பக்கத்துச் சீட்டு அம்மா எனக்காக நகர்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். வெற்றிலையைத் துடைத்து, நரம்பைக் கிள்ளி, விரல் நுனியில் துளி சுண்ணாம்பை எடுத்துத் தடவி, எதிர்ச் சீட்டிலிருந்த தன் மருமகளிடம் நீட்டினார். மருமகள் வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னத்தை, வாயை வேக வைக்கவா பார்க்கறீங்க? இம்புட்டுச் சுண்ணாம்பா?"

"அப்பவாவது கொஞ்ச நேரம் பேசாம வருவியேன்னுதான்."

நான் சீட்டிலிருந்து துள்ளிவிட்டேன். சுண்ணாம்பு! அம்மா எடுத்து வைத்த அந்தப் பொடி வேறென்ன? பொட்டலம் போட்டு, விலையை ஏற்றி, அலமாரியில் பூட்டி விற்ற சுண்ணாம்பு. தண்ணீர் விட்டுக் குழைத்தால் இதுதான். இந்த ஊரில் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை இருக்கிறது. சமயபுரத்தில் அம்மனைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு, வாசலில் ஒரு வெற்றிலைக் கடையில் சாயமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாகக் கேட்டு வாங்கினேன். "வெத்தலை?" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். "வெறும் சுண்ணாம்பைத் திங்கவா போறே?" என்று கவலைப்பட்டார்.

சனிக்கிழமை வைத்தியம் தொடங்கியது. முதலில் ஒரு கப்பில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஒரே ஒரு சாமந்தியை ஒரு கல்லோடு வைத்துச் சோதித்தோம். மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சில் சுண்ணாம்பைத் திக்காக இழுத்துக்கொண்டேன். கிட்டே கொண்டுபோனதும் அது இழைகளை விரித்து வாயைத் திறந்தது. தீனி என்று நினைத்துவிட்டது. எனக்குக் கை நின்றுவிட்டது. தொடாதே, எடுக்காதே என்று சொல்லிக்கொண்டு கரை கரையாக நடந்த கை இது.

அக்கா திரையை விலக்கி, குழாய்க்குப் பின்னால் ஒண்டியிருந்த மீன்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரிஞ்சுக்குக் கையை நீட்டினாள்.

"குடு. என் தொட்டி, நான் பண்றேன். நீ எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு."

"வேண்டாம்கா. நானே வைக்கிறேன்."

வாயின் நடுவில் ஒரு துளி வைத்தேன். மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குழைந்து, கூழாகி, உதிர்ந்துவிட்டது. பிறகு பெரிய தொட்டியில் தண்ணீர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஆரம்பித்தோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க அக்காவுக்கு அவசரம். நிறையச் சுண்ணாம்பு விழுந்தால் தண்ணீரின் காரம் ஏறி மீன் போய்விடும் என்று நான் தடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பாறை முடிந்து அடுத்த பாறை. இடையில் மீன் வாங்க வந்தவர்களிடம் அவள் சுண்ணாம்புக் கையோடு பேரம் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமையே முன்பாறை வெறிச்சென்று ஆனது. கோமாளி மீன்களில் சின்னது முதலில் கீழே இறங்கியது. ஒரு பொடித் தீனியைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வியது. பெரியது பின்னால் வந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கடைசியில் ஒரே ஒரு சாமந்தி மிஞ்சியது, சுண்டுவிரல் அகலமுள்ள ஒரு சிப்பித் துண்டின் மேல். சிரிஞ்சில் சுண்ணாம்பும் மிச்சமிருந்தது.

"இதை விட்டுடலாம்கா. தனியா ஒரு ஜாடியில."

"ஒண்ணு போதும்டி இது. மறுபடியும் ஊரே ஆயிடும்."

"தேய்க்காம இருந்தா ஆகாது. ஆனாலும் ஜாடிக்குள்ளதானே ஆகும்? அந்தத் தண்ணியில நனைஞ்ச கையைத் தொட்டியில விடாம இருந்தாப் போதும்."

அவள் என்னை முறைத்தாள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் துணிப்பைக்குள் ஒளித்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தாள். அத்தை நாரத்தங்காய் ஊறுகாய் போடுகிற ஜாடி. பில் போடும் மேசை மேல் சாமந்தி குடியேறியது.

டாக்டரம்மா திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். அக்காவைவிடச் சின்னவர், வேகமாகப் பேசுகிறவர். திரையை விலக்கியதும் இரண்டு மீன்களும் பாறையைச் சுற்றி நீந்தி வந்தன. அக்கா தீனி போட்டாள், தின்றன. "பாறையில ஒரு தொந்தரவு இருந்துச்சு மேடம், எடுத்துட்டோம். மறுபடி ஒண்ணு ரெண்டு தலைகாட்டினா நானே வந்து பார்ப்பேன்," என்று மறைக்காமல் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். அவர் பார்வை மேசை மேல் போயிற்று.

"அது என்ன?"

"அதேதான் மேடம் தொந்தரவு. ஒண்ணை மட்டும் தனியா வச்சிருக்கோம்."

நான் ஒரு இறால் துணுக்கை இடுக்கியில் பிடித்து இறக்கினேன். இழைகள் வளைந்து பிடித்தன, வாய் விரிந்தது, துணுக்கு உள்ளே போனது. டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒடம்பு பூரா வாய்தான். ஒரு பல்லுகூட இல்லை," என்றார். "எனக்கு இதுகிட்ட வேலையே இல்லை போங்க. ஆனா வாயைத் தொறக்கச் சொன்னா உடனே தொறக்குது. இப்படி ஒரு பேஷன்ட் எனக்கு வந்ததில்லை. இதையும் குடுங்க, என் மேசையில வைக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் அத்தையின் குரல். "கோமதி! என் நாரத்தங்காய் ஜாடி எங்கடி? பரணெல்லாம் தேடி..." உள்ளே வந்தவர் ஜாடியைப் பார்த்தார், ஜாடிக்குள் இருந்ததைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"இது யார் ஜாடி?" என்று கேட்டார் டாக்டர்.

அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டார். "என்னோடதுதாங்க," என்றார்.

டாக்டர் தொட்டி, ஜாடி இரண்டையும் புதன்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமைதான் ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம். அவர் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாள், "செல்போன் கவர்காரர்கிட்ட என்ன சொல்லட்டும் அத்தை?"

"மொதல்ல இது ஒழுங்காப் போய்ச் சேரட்டும். உசிரோட போய்ச் சேர்ந்தா நானே அவன்கிட்டச் சொல்லிக்கிறேன்."

ஆகவே நாளைக் காலை எங்கள் வேலை, ஒரு துண்டுக் கடலைப் பாலக்கரையிலிருந்து தில்லைநகர் வரை கொண்டுபோவது. இந்த ஊரில் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பேசியிருக்கிறோம். தண்ணீர் பாதிக்குமேல் கேன்களில், பாறைகள் வாளிகளில் மூழ்கியபடி, மீன்கள் காற்றடைத்த பைகளில். பின்னால் நானும் அக்காவும் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வழியில் எத்தனை வேகத்தடை என்று இன்று ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், மனசு கொஞ்சம் கலங்கித்தான் போயிற்று. டிரைவரிடம் அக்கா, "பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டணும்ணே," என்று சொல்லியிருக்கிறாள். முன் சீட்டில் ஜாடியை வைத்துக் கயிற்றால் கட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. முட்டி வலியோடு தானே ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளப் போகிறாராம்.